குஞ்சம் ஆடினால்

1991-ல் நான் கிளீனராக ஏறிய வண்டியில் முன் கண்ணாடிக்கு நடுவே ஒரு சிவப்புக் குஞ்சம் தொங்கும். ஒவ்வொரு ஆயுதபூஜைக்கும் பழையதைக் கழற்றிவிட்டுப் புதிதாகக் கட்டுவார்கள். அழகுக்குத்தான் என்று நினைத்திருந்தேன். எனக்கு அப்போது 16 வயது. முதல் நடையிலேயே, நாமக்கல்லைத் தாண்டும்போது டிரைவரண்ணன் சொன்னார்: "ராத்திரியில நீ ரோட்டப் பாக்காதடா. அதப் பாக்க நான் இருக்கறேன். நீ குஞ்சத்தப் பாரு."

அவர் சொன்னது புரிய மூன்று மாதம் ஆனது. நேரான ரோட்டிலும் விழித்திருக்கும் ஆளின் கை ஸ்டியரிங்கில் சும்மா இருக்காது. இந்தப் பக்கம் ஒரு விரற்கடை, அந்தப் பக்கம் ஒரு விரற்கடை என்று ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கும். செய்கிறோம் என்றுகூட அந்தக் கைக்குத் தெரியாது. அப்போது குஞ்சம் நடுங்கும், அவ்வளவுதான். தூக்கம் எட்டிப் பார்க்க ஆரம்பித்ததும் முதலில் மறப்பது இந்தச் சின்னத் திருத்தத்தைத்தான். கை இரண்டு மூன்று வினாடி சும்மா கிடக்கும். ரோட்டுச் சரிவுக்கு வண்டி மெல்ல இடப்பக்கம் இறங்கும். சட்டென்று உறைத்து, வெடுக்கென்று இழுப்பார். அதுவரை நடுங்கிக்கொண்டிருந்த குஞ்சம் ஒரு வீச்சு வீசும். ஒரு தடவை வீசினால் பள்ளம் என்று விடலாம். பர்லாங்குக்குள் இரண்டாவது தடவை வீசினால் நான் வாயைத் திறக்க வேண்டும்.

திறந்து என்ன சொல்ல வேண்டும் என்பதையும் அவரே சொல்லிக்கொடுத்தார். "தூக்கமாண்ணான்னு கேக்கக்கூடாது. டீ குடிக்கலாங்ளாண்ணான்னு கேக்கோணும்." தூக்கமா என்று கேட்டால் எந்த டிரைவரும் ஆமாம் என்று சொன்னதாக நான் இன்றுவரை கேட்டதில்லை. டீ என்றால் கௌரவக் குறைச்சல் இல்லாமல் வண்டி ஓரம் கட்டும்.

2009-ல் மெர்சிடிஸ் பென்ஸ் கார்களில் டிரைவரின் அசதியைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு ஒன்று வந்தது. பயணத்தின் முதல் சில நிமிடங்களில் அந்த டிரைவர் ஸ்டியரிங்கை எப்படிப் பிடிக்கிறார் என்று படித்து வைத்துக்கொள்ளும். பிறகு கை சும்மா கிடந்து வெடுக்கென்று திருத்தும் போக்கு கூடினால், டாஷ்போர்டில் ஒரு காபிக் கோப்பைப் படத்தைக் காட்டும். படித்ததும் சிரித்துவிட்டேன். நம்ம குஞ்சம், கூடவே "டீ குடிக்கலாங்ளா".

22 வருடம் ஓட்டிவிட்டு 2019-ல் ஸ்டியரிங்கை விட்டு இறங்கினேன். இப்போது ஒரு லாரி ஆபீஸில் டிரைவர்களைக் கவனிக்கும் வேலை. 42 வண்டி. குஞ்சம் எல்லா வண்டியிலும் தொங்குகிறது. பார்க்க ஆள்தான் இல்லை. கிளீனர் சம்பளம் மிச்சம் என்று முதலில் கிளீனரை இறக்கினார்கள். ரோடு நன்றாகிவிட்டது என்று பிறகு இரண்டாவது டிரைவரையும் இறக்கினார்கள். ரோடு நன்றாக இருப்பதுதான் தூக்கத்துக்கு வசதி என்று முதலாளிகளுக்கு யார் சொல்வது? மேடு பள்ளம், எதிர்வண்டி, மாடு, சைக்கிள் என்றிருந்த பழைய ரோடு ஆளைத் தூங்கவிடாது. நான்கு வழிச்சாலை தாலாட்டும்.

என் கதையைச் சொல்லாமல் மற்றவர்களுக்குப் பாடம் எடுக்க எனக்கு உரிமை இல்லை. 2004. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு நாக்பூருக்கு. மகாராஷ்டிரக்காரர்களுக்கு விரத நாளில் ஜவ்வரிசி உப்புமா வேண்டும் என்பதால் அந்தப் பக்கம் லோடு எப்போதும் கிடைக்கும். அன்று காலை 5 மணிக்கு எழுந்து லோடுக்காக நின்றேன். மூட்டை ஏறி, தார்ப்பாய் போட்டு, கயிறு இழுத்துக் கட்டிக் கிளம்பும்போது மாலை 5 ஆகிவிட்டது. இன்று 44 என்கிறார்களே, அது அப்போது ஏழாம் நம்பர் ரோடு. ஆந்திராவில் கூத்திப் பக்கமெல்லாம் இன்னும் இரட்டை வழி ஆகவில்லை. பின்னால் படுக்கையில் இரண்டாவது டிரைவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

பாகேபள்ளி தாண்டி ஆந்திர எல்லை செக்போஸ்ட்டில் பேப்பர் காட்டியது நினைவிருக்கிறது. அனந்தபூர் நினைவில்லை. அவ்வளவு பெரிய ஊரை எப்படித் தாண்டினேன் என்று இன்றும் சொல்லத் தெரியாது. அடுத்து எனக்குத் தெரிந்தது இடப்பக்க டயருக்கு அடியில் ஜல்லி நொறுங்கும் சத்தம். கூத்திக்குக் கொஞ்சம் முன்னால். மணி நாலரை. ஹெட்லைட் வெளிச்சத்தில் ஒரு வேப்பமரத்தின் சுண்ணாம்பு பூசிய அடிப்பாகம் மட்டும், கை நீட்டினால் தொடலாம் என்கிற மாதிரி நின்றது. எப்படி ஒடித்தேன், எப்படி நிறுத்தினேன் என்று கேட்காதீர்கள். பின்னாலிருந்து அவர் எழுந்து, "என்றா ஆச்சு?" என்றார். "ஒண்ணுமில்லீங்ண்ணா, நாய் குறுக்க வந்துருச்சு" என்றேன். லாரித் தொழிலில் இல்லாத நாய்கள் நிறைய ஓடுகின்றன.

விடியும்வரை மைல்கல்லின்மேல் உட்கார்ந்திருந்தேன். திடீரென்று கண் சொருகிவிட்டது என்றுதான் முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பின்னோக்கி எண்ணிப் பார்த்ததில் அது பொய் என்று தெரிந்தது. ராத்திரி 10 மணிக்கு ஓசூரில் சாப்பிடும்போது சட்னி புளித்துவிட்டது என்று சர்வரிடம் சண்டை போட்டிருக்கிறேன். நான் ஓட்டலில் சண்டை போடுகிற ஆள் இல்லை. சிக்கபள்ளாப்பூர் தாண்டி, சட்டைப் பையிலேயே இருந்த பீடிக்கட்டை வண்டி முழுக்கத் தேடியிருக்கிறேன். வேகம் அறுபதிலிருந்து ஐம்பதுக்குக் கீழே இறங்கி இறங்கி ஏறியிருக்கிறது. டீசல் ஃபில்டர் அடைத்திருக்கிறது என்று மெக்கானிக்கைத் திட்டியிருக்கிறேன். உண்மையில் ஆக்ஸிலேட்டரில் இருந்த என் கால்தான் தளர்ந்திருக்கிறது. கேசட்டை மூன்று தரம் மாற்றியிருக்கிறேன், எந்தப் பாட்டும் காதில் ஏறவில்லை. கண்ணாடியை இறக்கியிருக்கிறேன். எதிரே வந்த வண்டிக்கு லைட்டை டிம் பண்ண மறந்து, அவன் ஹாரன் அடித்துத் திட்டிய பிறகு பண்ணியிருக்கிறேன். ஆறு மணி நேரமாக நோட்டீஸ் மேல் நோட்டீஸ் வந்திருக்கிறது. ஒன்றையும் நான் பிரித்துப் பார்க்கவில்லை.

ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் என்ற இருவர் செய்த ஆய்வு ஒன்று 1997-ல் 'நேச்சர்' இதழில் வந்தது. 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கைவேகமும் கவனமும், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் சாராயம் ஏறியவரின் அளவுக்குக் குறைந்துவிடுகிறது என்று கண்டார்கள். 24 மணி நேரம் என்றால் கிட்டத்தட்ட 100 மில்லிகிராம். நம் சட்டம் டிரைவருக்கு அனுமதிப்பது 30. என் கணக்கை அதில் வைத்துப் பார்த்தேன். காலை 5-க்கு எழுந்தவனுக்கு 17 மணி நேரம் முடிவது இரவு 10. சட்னிக்குச் சண்டை போட்ட அதே நேரம். கூத்தி வரும்போது சட்டம் அனுமதிப்பதைப் போல மூன்று மடங்கு குடித்தவனுக்குச் சமம். ஒரு சொட்டுக் குடிக்காமல்.

அதனால் டிரைவர்களிடம் நான் முதலில் சொல்வது, ஸ்டியரிங் பிடித்த நேரத்தை எண்ணாதே, கண் விழித்த நேரத்தை எண்ணு என்பதுதான். "இப்பத்தாங்ண்ணா வண்டி எடுத்தேன், நாலு மணி நேரந்தான் ஆச்சு" என்பான். அதற்கு முன்னால் லோடுக்காக வெயிலில் தகரக் கொட்டகைக்கு அடியில் நின்ற பத்து மணி நேரம் அவன் கணக்கில் வராது. முதலாளி கணக்கிலும் வராது. காத்திருப்புக்குக் கூலி கிடையாதே. 1961-ம் வருடத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை, தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, நடுவில் அரை மணி நேரமாவது ஓய்வு என்று எழுதி வைத்திருந்தது. நல்ல சட்டம். ஆனால் டிரைவருக்குப் பேட்டா நடைக்கு இவ்வளவு என்று இருக்கும்வரை எந்தச் சட்டமும் ஆபீஸ் சுவரில்தான் தொங்கும். வண்டி ஓடினால் சோறு, நின்றால் இல்லை.

இனி கண்டுபிடிக்கிற வேலைக்கு வருகிறேன். டிரைவர்கள் என்னிடம் எப்போதும் கேட்பது, தூக்கம் வந்தால் என்ன செய்வது என்பது. பச்சைமிளகாய் கடிப்பவர், கண்ணிமையில் தைலம் தடவுபவர், பாக்கு போடுபவர், ஜன்னலில் முகத்தை நீட்டுபவர், ஈரத்துண்டைக் கழுத்தில் போடுபவர் என்று ஆளுக்கொரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். நானும் எல்லாம் செய்தவன்தான். என் அனுபவத்தில் இவை எதுவும் மருந்து இல்லை, எல்லாமே நோயின் அடையாளம். கை எதையாவது தேடுகிறது என்றால், பாட்டுச் சத்தத்தைக் கூட்ட வேண்டும் என்று தோன்றுகிறது என்றால், தூக்கம் ஏற்கனவே கேபினில் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. யாரும் நன்றாக விழித்திருக்கும்போது மிளகாய் கடிப்பதில்லை.

இங்கிலாந்தில் லஃபரோ பல்கலைக்கழகத்தில் ஹார்ன், ரெய்னர் என்ற ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். தூக்கம் குறைந்தவர்களைப் போலி வாகனத்தில் உட்கார வைத்து ஓட்டச் சொன்னார்கள். குளிர்காற்றும் ரேடியோவும் கொஞ்ச நேரத்துக்கு மேல் தாங்கவில்லை. காபி தாங்கியது, 15 நிமிடக் குட்டித் தூக்கம் தாங்கியது. காபியைக் குடித்துவிட்டு உடனே கண்ணை மூடினால் இரண்டும் சேர்ந்து இன்னும் நன்றாகத் தாங்கியது. காபி வேலை செய்ய ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகிறது, அந்த இடைவெளியில் தூங்கி எழுந்துவிடலாம் என்பது கணக்கு. நம் ஆட்கள் இதையே தலைகீழாகச் செய்கிறார்கள்: டீயைக் குடித்ததும் "தெம்பா இருக்கு" என்று உடனே வண்டியை எடுக்கிறார்கள். அந்தத் தெம்பு, இறங்கி நடந்த தெம்பு. இருபது கிலோமீட்டர் வரும்.

அதே இருவர் கண்ட இன்னொரு விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தூங்கிப்போன ஓட்டுநர்கள் யாருக்கும் அது தெரியாமல் வரவில்லை. தூக்கம் வருகிறது என்று எல்லாருக்கும் முன்பே தெரிந்திருக்கிறது. எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது என்பதில்தான் சிலர் ஏமாந்திருக்கிறார்கள். "அடுத்த பங்க்ல நிறுத்திக்கலாம்" என்கிறோமே, அது. லோடு வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் போகிறது. மூன்று வினாடி கண் அசந்தால் 50 மீட்டர். அந்த 50 மீட்டரில் பிரேக் கிடையாது. விபத்து நடந்த இடத்துக்குப் போனால் நான் முதலில் குனிந்து தேடுவது டயர் தேய்ந்த கருப்புக் கோட்டைத்தான். கோடு இல்லை என்றால் நான் யாரையும் எதுவும் கேட்பதில்லை. முதல் தகவல் அறிக்கையில் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' என்று எழுதிக்கொள்வார்கள்.

உடம்பின் கடிகாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ராத்திரி 2-லிருந்து 5 வரை எல்லாருக்கும் தெரியும். ஹைவேயில் போலீஸ்காரர்களும் அந்த நேரத்தில்தான் வண்டியை நிறுத்தி, முகம் கழுவச் சொல்லி டீ கொடுக்கிறார்கள், நல்ல காரியம். மத்தியானம் 2-லிருந்து 4 வரை இன்னொரு பள்ளம் இருக்கிறது. வெளிச்சம் இருப்பதால் அதை யாரும் மதிப்பதில்லை. தாபாவில் சோறும் மீன்குழம்பும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, எதிர்வெயிலில், தோப்பூர் இறக்கத்தில் லோடோடு இறங்குகிற ஆள் ராத்திரி வண்டிக்காரனுக்குக் குறைந்த ஆபத்தில் இல்லை.

கிளம்பும் முன்பே பிடிக்க வேண்டியவர்கள் சிலர் உண்டு. ஒருவர் சளிக்கு அவில் போட்டுக்கொண்டு வருபவர். அரிப்புக்கு, தும்மலுக்கு என்று மெடிக்கலில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் மாத்திரை. தூக்கத்தைக் கொண்டுவரும் மாத்திரை. சாவி வாங்க வருபவன் மூக்கை உறிஞ்சினால் சட்டைப் பையைக் காட்டச் சொல்வேன். இன்னொருவர் குறட்டைக்காரர். எங்கள் ஆபீஸில் கழுத்து பருத்த, ஐம்பதைத் தொட்ட ஒரு டிரைவர் இருந்தார். எட்டு மணி நேரம் தூங்கினாலும் சாவி வாங்கும்போதே கொட்டாவி விடுவார். சோம்பேறி என்று பேர். ஒருநாள் வண்டிக்கடியில் துண்டு விரித்துப் படுத்திருந்தவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். குறட்டை ஏறிக்கொண்டே போனது, சட்டென்று நின்றது. மூச்சே இல்லை. நான் பயந்து குனிவதற்குள் கிணற்றிலிருந்து எழுகிற மாதிரி ஒரு திணறல், மறுபடி குறட்டை. கால் மணி நேரத்தில் ஏழெட்டுத் தடவை. வீட்டில் கேட்டதற்கு அவர் மனைவி, "பத்து வருசமா இப்படித்தானுங்க, நானு பக்கத்துல முழிச்சே கெடப்பேன்" என்றார். அந்த மனிதர் பத்து வருடமாகத் தூங்கவே இல்லை, படுத்திருந்திருக்கிறார். டாக்டரிடம் அனுப்பினோம். மூச்சுக்குழாய் அடைபடும் நோய் என்று தூக்கப் பரிசோதனையில் தெரிந்தது. இப்போது மூக்கில் மாட்டும் மெஷினோடு படுக்கிறார், சோம்பேறி என்ற பேர் போய்விட்டது. அதிலிருந்து புது டிரைவர் சேர்க்கும்போது லைசென்ஸ் பார்த்த கையோடு வீட்டுக்காரம்மாவிடம் குறட்டை பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன். வேடிக்கையாகத்தான் பார்க்கிறார்கள்.

இரண்டு வருடமாகப் பாதி வண்டிகளில் கேமரா வைத்திருக்கிறோம். டாஷ்போர்டிலிருந்து டிரைவரின் கண்ணிமையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு நிமிடத்தில் எவ்வளவு நேரம் இமை 80 சதவீதத்துக்கு மேல் மூடிக் கிடந்தது என்று எண்ணுவது இந்த வகைக் கருவிகளின் பழைய அளவுகோல். விழித்தவன் வெடுக்கென்று இமைப்பான்; தூக்கக்காரனின் இமை கடை ஷட்டர் மாதிரி மெல்ல இறங்கி மெல்ல ஏறும். ஐரோப்பாவில் 2024 ஜூலையிலிருந்து விற்கும் புது வண்டிகளில் அசதி எச்சரிக்கைக் கருவி கட்டாயம். எனக்குக் கேமரா மீது வெறுப்பு இல்லை. டிரைவர்களுக்கு உண்டு: மல்லாக்கொட்டை தின்பதையும் வீட்டுக்குப் போன் பேசுவதையும் முதலாளி பார்க்கிறான் என்று துணியைப் போட்டு மூடுகிறார்கள். துணி போட்ட டிரைவரை நான் திட்டுவதில்லை. கேமரா எதற்கு என்று அவனுக்குச் சொல்லாமல் மாட்டியவர்களைத்தான் திட்ட வேண்டும். என் குறை வேறு. கேமரா கத்தும்போது இமை இறங்கிவிட்டது. நான் தேடுவது அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் இருக்கிற ஆளை. சட்னிக்குச் சண்டை போடுகிறவனை.

கிளீனர் இல்லாத காலத்தில் அவனைப் பிடிக்க நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். ராத்திரி 2 மணிக்குப் பக்கத்தில், பாதுகாப்பான இடம் பார்த்து ஒவ்வொருவரும் நிறுத்த வேண்டும். ஓடுகிற வண்டியில் இருக்கும் டிரைவருக்கு நான் போன் செய்ய மாட்டேன். இறங்கிய பிறகு அவர்கள்தான் எனக்குச் செய்ய வேண்டும். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி லிவரால் டயர்களைத் தட்டி, வாய்விட்டு எண்ண வேண்டும். காற்று இருக்கிற டயர் டங்கென்று சொல்லும், இறங்கிய டயர் தொம்மென்று சொல்லும். எந்த டிரைவரும் தினம் செய்கிற வேலைதான். டயர் சங்கதி டிரைவருக்கு. எனக்கு வேண்டியது தட்டுக்கும் எண்ணுக்கும் நடுவே இருக்கிற இடைவெளி. டங், ஒண்ணு. டங், ரெண்டு. விழித்தவனுக்குச் சத்தமும் எண்ணும் ஒட்டியே வரும். அசந்தவனுக்குச் சத்தம் முதலில் வரும், எண் பிறகு யோசித்துக்கொண்டு வரும். செருப்பு தேயும் சத்தம் கேட்கும். எண்ணிலே தடுக்கும். அப்போது நான் ஒன்றும் விளக்கம் கேட்பதில்லை.

போன மாதம் ஒரு பையன். 26 வயது, பன்னிரண்டு சக்கர வண்டி, கர்னூலுக்கு இந்தப் பக்கம் ஒரு பெட்ரோல் பங்க். மணி 2:40. எட்டு வரைக்கும் ஒழுங்காக வந்தான். ஒன்பதுக்குப் பிறகு மறுபடி ஒன்பது. அப்புறம் பதினொண்ணு என்று முடித்துவிட்டான்.

"மொத்தம் எத்தனடா தம்பி?"

"பதினொண்ணுங்ண்ணா."

"உன்ற வண்டிக்கு எத்தன டயரு?"

கொஞ்ச நேரம் பங்க்கின் ஜெனரேட்டர் சத்தம் மட்டும் கேட்டது. "பன்னண்டுங்ண்ணா."

"ஒரு டீயக் குடிச்சுட்டுப் படு. நாலரைக்கு நானே எழுப்பறேன். எந்திரிச்சதும் எடுத்துராத, பத்து நிமிசம் நடந்துட்டு எடு."

"ஏழு மணிக்கு லோடு எறக்கோணும்னு சொல்லியிருக்காங்கண்ணா."

"படுடா."

காலை 7:15-க்கு சரக்குக்காரர் போன் செய்தார். வண்டி எங்கே, ஏன் லேட், ஆட்கள் கூலியோடு காத்திருக்கிறார்கள் என்று மூச்சுவிடாமல் கேட்டார். பஞ்சர் என்றேன். "சரி சரி, பாத்து வரச் சொல்லுங்க" என்று உடனே அடங்கிவிட்டார். தூக்கம் என்று சொல்லியிருந்தால் அடுத்த லோடு எங்களுக்குக் கிடையாது. அந்த மாதத்தில் அந்த வண்டிக்கு அது மூன்றாவது பஞ்சர். முதலாளி கணக்குப் பார்க்கும்போது, பஞ்சர் கடை பில் எங்கே என்று மட்டும் இன்னும் கேட்கவில்லை.